என்.ஐ.சி.யு.வில் மயக்க மருந்து: வலிப்பு என்று நினைத்தது வலிப்பு இல்லை

கானாடுகாத்தான் அப்பா (இரவு 9:50)

வணக்கம். எங்கள் மகள் போன மார்கழியில், பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்த மறுநாள் ராத்திரி பிறந்தாள். 31 வாரம், எடை 1,420 கிராம். பிறந்த உடனேயே மூச்சு இரைத்தது, நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தது. பச்சிளங்குழந்தைகளுக்கென்றே இருக்கிற 108 வண்டியை வரவழைத்து, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்கு அனுப்பினார்கள். நான் முன்சீட்டில். வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அங்கே என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், நுரையீரல் விரிவதற்கான மருந்தைக் குழாய் வழியாகக் கொடுத்து வென்டிலேட்டரில் வைத்தார்கள். இரண்டாம் நாள் அவள் டியூபோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தாள். மிடாஸோலம் என்ற மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மாலை, பெற்றோரை உள்ளே விடுகிற நேரம், நான் பக்கத்தில் நிற்கிறேன். குழந்தை ரொம்ப முரண்டு பிடிக்கிறாள் என்று அதே மருந்தைக் கூடுதலாக ஒரு தடவை ஊசியில் தள்ளினார்கள். சில நிமிடம்கூட ஆகியிருக்காது. இரண்டு கையும் இடது காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தூங்குகிற பிள்ளையை யாரோ நூல் கட்டிச் சுண்டுகிற மாதிரி.

வலிப்பு என்றார்கள். தலையில் ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்கசிவு இல்லை. வலிப்பு மருந்து ஃபீனோபார்பிட்டோன் ஏற்றினார்கள். அதற்கப்புறம் ரத்த அழுத்தம் இறங்கியது, தானாக எடுத்துக்கொண்டிருந்த மூச்சும் குறைந்தது. மறுநாள் மறுபடி வெட்டு. என் மனைவி ஆபரேஷன் செய்த வயிற்றோடு வராந்தாவில் உட்கார்ந்து, மூளை போய்விட்டது, பிள்ளை இனி நமக்கு இல்லை என்று அழுதாள். அந்த இரண்டு நாளை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம் ராத்திரி வேலைக்கு வந்த ஒரு சிஸ்டர், சார்ட்டை விரித்து வைத்துக்கொண்டு நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு வெட்டும் கூடுதல் ஊசி போட்ட சில நிமிடத்தில் வந்திருக்கிறது. ஊசி இல்லாத நேரத்தில் ஒன்றுகூட இல்லை. அதைப் பெரிய டாக்டரிடம் சொன்னார். கூடுதல் ஊசியை நிறுத்தி, சொட்டின் வேகத்தையும் குறைத்தார்கள். வெட்டு நின்றது. மூளை அலைப் பதிவும் எடுத்தார்கள், வலிப்புக்கான அடையாளம் இல்லை. ஆனால் ஏற்றிய வலிப்பு மருந்தின் மந்தம் மட்டும் நாலைந்து நாள் போகவில்லை. பால் உறிஞ்ச வாய் அசையவில்லை.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடி புறப்பட்ட வாரம் வீட்டுக்கு வந்தோம். இப்போது நன்றாக இருக்கிறாள், கூப்பிட்டால் திரும்பிச் சிரிக்கிறாள்.

மருந்து கொடுத்ததே தப்பு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அது இல்லாவிட்டால் டியூபைப் பிடுங்கியிருப்பாள். எனக்கு ஆறாதது வேறு. இந்த மருந்தாலேயே இப்படி வரலாம் என்று ஒருவரும் எங்களிடம் ஒரு வாய்வார்த்தை சொல்லவில்லை. பெரியவருக்கு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் அரிக்கிறது, தலை சுற்றுகிறது என்று அவரே சொல்வார். பிறந்த பிள்ளைக்கு வருகிற கெடுதல் அதன் நோயைப் போலவே இருக்கிறது: மூச்சு நிற்பது, அழுத்தம் இறங்குவது, கை கால் வெட்டுவது. எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? எங்கள் விஷயத்தில் கடிகாரத்தை வைத்துத்தான் பிரித்தார்கள். இதே மாதிரி அனுபவம் இருப்பவர்கள் எழுதுங்கள். இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களும் எழுதுங்கள்.

இரவுப்பணி சிஸ்டர் (இரவு 10:35)

அண்ணே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. 11 வருடமாக என்.ஐ.சி.யு.வில்தான் இருக்கிறேன், உங்கள் மகள் இருந்த இடத்தில் இல்லை. அந்த சிஸ்டர் செய்ததை நாங்கள் எல்லோரும் செய்ய வேண்டும். எப்போதும் செய்கிறோமா என்றால் இல்லை. ராத்திரி ஒருத்திக்கு நாலு குழந்தை என்றால் சார்ட்டில் எழுதவே நேரம் போதாது. எழுதியதைத் திரும்பிப் படிக்க எங்கே நேரம்?

கை கால் அசைவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சும்மா நடுக்கம் என்றால் மெதுவாக அந்தக் கையை மடக்கிப் பிடித்தால் நின்றுவிடும். சர்க்கரை குறைந்தாலும் கால்சியம் குறைந்தாலும் அப்படி நடுங்கும், முதலில் அதைப் பார்ப்போம். வலிப்பு என்றால் கையைப் பிடித்தாலும் நிற்காது. கண் ஒரு பக்கமாக நிலைகுத்தும், வாய் சப்புக்கொட்டும், சைக்கிள் மிதிக்கிற மாதிரி கால் போகும். மிடாஸோலத்தால் வருகிற வெட்டு இரண்டுக்கும் நடுவில். பிடித்தாலும் நிற்காமல் இருக்கும், ஆனால் வலிப்பு இல்லை. கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்கு வெட்டு என்ற கணக்கு அவ்வளவு முக்கியம்.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். மிடாஸோலம் தூங்க வைக்கும். வலியை நீக்காது. டியூப் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் குழந்தை அழுதாலும் சத்தம் வராது. குதிகாலில் ரத்தம் எடுக்கும்போது முகத்தைப் பாருங்கள். புருவ நடுவில் மேடு தட்டும், மூக்கின் ஓரத்திலிருந்து வாய்வரை கோடு ஆழமாக விழும், விரல்கள் விசிறி மாதிரி விரியும். மயக்கம் ஏறியிருந்தால் இதெல்லாம் மங்கிவிடும். பிள்ளை அமைதியாக இருக்கிறது என்று நாங்கள் எழுதிவிடுவோம். உள்ளே வலி இருந்துகொண்டே இருக்கலாம்.

பள்ளத்தூர் தம்பி (இரவு 11:20)

எல்லாரும் மன்னிக்கணும், இதைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. என் மகன் இப்போது என்.ஐ.சி.யு.வில் இருக்கிறான். நேற்றுக் காலையில் பிறந்தான், நிறைமாதம், 2,900 கிராம். வயிற்றுக்குள்ளேயே மலம் போய், அந்தத் தண்ணீரை இழுத்துவிட்டானாம். வென்டிலேட்டர். நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறது, தொட்டாலே ஆக்சிஜன் இறங்குகிறது என்று ஃபெண்டனில் என்ற வலி நீக்கி மயக்க மருந்தை ஏற்றுகிறார்கள். நாளைக் காலையில் போய் மயக்க மருந்தை நிறுத்துங்கள், எங்களுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? என் மாமனாரும் அதையே சொல்கிறார்.

கானாடுகாத்தான் அப்பா (இரவு 11:26)

தம்பி, அவசரப்படாதீர்கள். நான் எழுதியதைப் படித்து அந்த முடிவுக்கு வந்துவிட வேண்டாம். என் மகள் வேறு, உங்கள் மகன் வேறு. டாக்டர் யாராவது பார்த்தால் இவருக்குப் பதில் சொல்லுங்கள்.

திருப்பத்தூர் குழந்தை டாக்டர் (இரவு 11:58)

பள்ளத்தூர் தம்பிக்கு முதலில். எழுதிக் கொடுக்க வேண்டாம். உங்கள் மகனுக்கு இருக்கிற பிரச்சினையில் ஒவ்வொரு முறை துள்ளும்போதும் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் திரும்பிவிடும். அவன் அமைதியாக இருப்பதே பாதி சிகிச்சை. நடுவில் சட்டென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து. நிறுத்தச் சொல்லாமல் கேளுங்கள். என்ன மருந்து, மணிக்கு எவ்வளவு, எதைப் பார்த்துக் கூட்டுவீர்கள், எதைப் பார்த்துக் குறைப்பீர்கள், எப்போது நிறுத்தப் பார்ப்பீர்கள். பொறுமையாகக் கேட்டால் சொல்வார்கள். ஃபெண்டனிலை வேகமாகத் தள்ளினால் நெஞ்சுத் தசை பலகை மாதிரி இறுகி, வென்டிலேட்டர் காற்றே உள்ளே போகாத நிலை வரலாம். அதனால் மெதுவாகத்தான் கொடுப்பார்கள். இதுவும் உங்கள் காதில் இருக்கட்டும். பயப்படச் சொல்லவில்லை.

இனி பொதுவாக. நான் படித்த காலத்தில், பிறந்த குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்று நம்பிய பெரியவர்கள் இன்னும் இருந்தார்கள். 1985-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி லாசன் என்ற குறைமாதக் குழந்தைக்கு இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாயில் அறுவை செய்தார்கள். அசையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள், வலி தெரியாமல் இருக்க ஒன்றும் கொடுக்கவில்லை. குழந்தை இறந்த பிறகுதான் அந்தத் தாய்க்கு இது தெரிந்தது. அவர் ஊரறியச் சொன்னார். 1987-இல் இந்திய வம்சாவளி டாக்டர் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவரோடு சேர்ந்தவர்களும், அதே அறுவைக்கு ஃபெண்டனில் கொடுத்த குறைமாதக் குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியதைக் காட்டினார்கள். ஒன்றுமே வேண்டாம் என்ற இடத்துக்கு நாம் திரும்பிப் போகக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னேன்.

ஆனால் அதற்கடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். வலிக்கும் என்று தெரிந்த பிறகு, வென்டிலேட்டரில் இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் மயக்கம் ஏற்றுவது பழக்கமாகிவிட்டது. 1999-இல் அதே ஆனந்த் குழுவினர் 67 குறைமாதக் குழந்தைகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். மரணம் அல்லது கடுமையான மூளைப் பாதிப்பு, மிடாஸோலம் பெற்றவர்களில் 32 சதவீதம். வெறும் சர்க்கரைத் தண்ணீர் ஏறியவர்களில் 24. மார்ஃபின் என்ற வலி மருந்து பெற்றவர்களில் 4. சிறிய ஆய்வுதான். உடனே எல்லோரும் மார்ஃபின் பக்கம் நம்பிக்கை வைத்தார்கள். 2004-இல் 898 குழந்தைகளை வைத்துப் பெரிதாகச் செய்தபோது அந்த நன்மை காணாமல் போனது, ரத்த அழுத்தம் இறங்குவது மட்டும் தெரிந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரேன் தொகுப்பு, பிறந்த குழந்தைக்கு மிடாஸோலத்தைத் தொடர்ச்சியாக ஏற்றுவதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே இதுவரை சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும், வென்டிலேட்டரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் குறைமாதக் குழந்தைக்கு வழக்கமாக ஏற்றாதீர்கள் என்கிறது. தேவைப்படும் பிள்ளைக்கு, தேவைப்படும் நேரம்வரை. அவ்வளவுதான் என் நிலை.

கானாடுகாத்தான் அப்பாவின் மகளுக்கு நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த மருந்து மூளையில் காபா என்ற அடக்கும் சமிக்ஞையைக் கூட்டுகிறது. பெரியவர் மூளையில் காபா வந்தால் நரம்பணு அடங்கும். குறைமாதக் குழந்தையின் நரம்பணுவுக்குள் குளோரைடு அதிகம் இருப்பதால் அதே சமிக்ஞை சில இடங்களில் அடக்காமல் கிளப்பிவிடும். கை கால் வெட்டுவதற்கு இதைத்தான் பெரும்பாலும் காரணமாகச் சொல்கிறோம். கல்லீரலில் இதை உடைக்கிற நொதியும் பிறக்கும்போது முதிர்ந்திருக்காது. பெரியவருக்கு இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிற மருந்து, பிறந்த குழந்தைக்கு 6 முதல் 12 மணி நேரம் எடுக்கும். மருந்துக் குறிப்பிலேயே தெளிவாக இருக்கிறது: தொடக்கத்தில் மொத்தமாக ஊசி போடாதே, வேகமாகத் தள்ளாதே, 32 வாரத்துக்குக் கீழே பாதி வேகத்தில் ஏற்று, ஃபெண்டனிலோடு சேர்த்து வேகமாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் கடுமையாக இறங்கலாம், வலிப்பும் வரலாம். ஃபீனோபார்பிட்டோன் இன்னும் மெதுவானது. முதல் வாரத்தில் பாதியாகக் குறையவே 100 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் மகள் நாலைந்து நாள் மந்தமாக இருந்தது அதனால்தான், ஐயா.

அந்த டாக்டர்கள் முதலில் வலிப்பு என்று நினைத்ததில் குற்றம் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வதே சரி.

மருந்தகம் காரைக்குடி (காலை 6:40)

நான் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் இருக்கிறேன். டாக்டர் சொன்னதோடு ஒரு சின்ன விஷயம் சேர்க்க வேண்டும். இது கையில் எடுத்துப் பார்த்தால்தான் புரியும்.

மிடாஸோலம் ஒரு மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கிற மாதிரியும் வருகிறது, ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் இருக்கிற மாதிரியும் வருகிறது. பாட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்றேகால் கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு எழுதுகிற அளவு 0.06 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த வீரியத்தில் எடுத்தாலும் 0.06 மில்லி. ஒரு மில்லி சிரிஞ்சில் ஆறு சின்னக் கோடு. ஒரு துளிதான். ஊசி மாட்டுகிற கழுத்துப் பகுதியில் தங்குகிற மருந்தே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். மருந்தைத் தள்ளிவிட்டு, அதே சிரிஞ்சில் சலைன் இழுத்து மறுபடி தள்ளினால், கழுத்தில் தங்கியதும் உள்ளே போய்விடும். குழந்தைக்கு இரட்டிப்பு. யாரும் அளவைத் தப்பாகப் படிக்கவில்லை, தப்பாக எழுதவில்லை, ஆனாலும் இரட்டிப்பு. அதனால்தான் நன்றாக நீர்த்துக் கலக்கி, பெரிய அளவாக்கி, பம்பில் போடச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும் என்பதும் இதனால்தான்.

அப்புறம், மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கிற பென்சைல் ஆல்கஹால். 1982-இல் அமெரிக்காவில் 16 பச்சிளங்குழந்தைகள் இறந்ததற்கு அதைக் காரணமாகச் சொன்னார்கள். குழாயைக் கழுவ எடுத்த சலைனில் அது இருந்தது. மூச்சுக்குத் திணறித் திணறி, ரத்தம் அமிலமாகி இறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் போனது கொஞ்சம்தான், ஒரு நாளில் எத்தனை தடவை கழுவுகிறோம்! சில மயக்க ஊசிகளிலும் இது உண்டு. பச்சிளங்குழந்தை வார்டுக்கு அது சேராத மருந்தாகப் பார்த்து வாங்க வேண்டும். என்னிடம் கேட்டு வந்தால் நான் முதலில் லேபிளைத் திருப்பி இதைத்தான் தேடுவேன்.

கோட்டையூர் மீனா (காலை 9:15)

எங்களுக்கு நடந்தது வார்டில் இல்லை, அதை விட்டு வந்த பிறகு. அதனால் யாரும் எச்சரிக்கையாக இருப்பதில்லை. சொல்கிறேன்.

என் பையன் 33 வாரத்தில் பிறந்தவன். மூன்று மாதத்தில் காது பரிசோதனைக்குப் போனோம். தூங்கினால்தான் எடுக்க முடியும் என்று ட்ரைக்ளோஃபாஸ் சிரப் கொடுத்தார்கள். பாதியைத் துப்பிவிட்டான். எவ்வளவு துப்பினான் என்று யாருக்குத் தெரியும்? மறுபடி முழு அளவு கொடுத்தார்கள். தூங்கினான், பரிசோதனை முடிந்தது, கிளம்புங்கள் என்றார்கள். அவன் அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தான்.

காரில் அவனை உட்கார்ந்த வாக்கில் மடியில் வைத்திருந்தேன். மேலூர் தாண்டி ஒரு டீக்கடை முன்னால் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. குனிந்து பார்க்கிறேன், தாடை நெஞ்சில் முட்டியிருக்கிறது. குறட்டை மாதிரி ஒரு சத்தம், உதடு நீலம். தலையைத் தூக்கி, தாடையை நிமிர்த்தியதும் பெருமூச்சு ஒன்று விட்டான். உடனே பக்கத்து மருத்துவமனைக்குப் போனோம். மறுநாள் மத்தியானம்வரை சரியாக முழிக்கவில்லை.

துப்பினால் மறுபடி கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. முழித்து, பால் குடித்து, அழுத பிறகுதான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்பதும் தெரியவில்லை.

திருப்பத்தூர் குழந்தை டாக்டர் (காலை 9:50)

மீனா, நல்ல வேளை குனிந்து பார்த்தீர்கள், அம்மா. அந்தச் சிரப் உடம்புக்குள் மாறி வருகிற பொருள் குறைமாதத்தில் பிறந்த சிசுவின் உடம்பில் பாதியாகக் குறைய ஒரு நாளையும் தாண்டும். பிறந்து சில மாதம் ஆனாலும் பெரிய பிள்ளைகள் அளவுக்கு வேகமாக வெளியேறாது. உட்கார்ந்த வாக்கில் தூங்கினால் கழுத்து நிற்காது, மூச்சுக்குழாய் மடங்கும். மூன்று மாதக் குழந்தைக்குக் காது பரிசோதனையைப் பெரும்பாலும் மருந்தே இல்லாமல் எடுத்துவிடலாம். காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கொண்டுவந்து, அங்கே வைத்துப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, விளக்கை அணைத்தால் தூங்கிவிடும். சின்னச் சிசுக்களுக்கு எம்.ஆர்.ஐ. கூட இப்படி எடுக்கிறார்கள். நேரம் பிடிக்கும், வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

தேவகோட்டை ஆயா (காலை 11:05)

பேத்தி டைப் அடித்துத் தருகிறாள். எல்லாப் பிள்ளைகளும் நல்லா இருக்கட்டும். எங்கள் வளவில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் நான்தான் உரைமருந்து உரைத்துக் கொடுத்தேன். பேர் சொல்லாததைச் சுட்டு, கல்லில் இரண்டு இழுப்பு. ராத்திரி தூங்காமல் அழுதால் கசகசாவை அரைத்துப் பாலில் கொடுக்கிறதும் உண்டு. இப்போது பேரன் வீட்டில் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறது, வலிப்பு சிரப் ஒன்று கொடுத்தனுப்பி இருக்கிறார்கள். உரைமருந்து கொடுக்கலாமா என்று கேட்டால் பேரன் பதிலே சொல்ல மாட்டேன் என்கிறான். நீங்கள் சொல்லுங்கள் அப்பு.

இரவுப்பணி சிஸ்டர் (காலை 11:40)

ஆயா, கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். வேண்டாம் ஆயா. அந்தச் சிரப் ஏற்கெனவே பிள்ளையைத் தூங்க வைக்கிற மருந்து. அதற்கு மேல் கசகசா சேர்ந்தால் எந்த அளவுக்கு மயங்கும் என்று கணக்கே இல்லை. கசகசா ஓபியம் செடியின் விதை, சரியாகக் கழுவாததில் அந்தச் செடியின் போதைப் பால் ஒட்டியிருக்கும். நீங்கள் பேர் சொல்லாதது என்கிற வசம்பும் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வீரியம். எடை குறைந்த பிள்ளையின் கல்லீரல் இதையெல்லாம் சமாளிக்காது. ஆறு மாதம்வரை தாய்ப்பால், டாக்டர் எழுதிய மருந்து, அவ்வளவுதான். வசம்பைக் கையில் வளையமாகக்கூடக் கட்ட வேண்டாம், வாயில் வைத்துவிடும்.

உங்கள் கைக்கு வேறு வேலை இருக்கிறது ஆயா. பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக, துணி இல்லாமல், நிமிர்த்தி வைத்துக் கட்டிக்கொள்கிற கங்காரு முறை. அம்மா குளிக்கப் போகும்போது நீங்கள் வைத்துக்கொள்ளலாம். 1978-இல் கொலம்பியாவில் இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் ஆரம்பித்தது. இப்போது உலக சுகாதார நிறுவனமே பிறந்த உடனே ஆரம்பிக்கச் சொல்கிறது. வார்டிலும் ஊசி போடும்போது கை காலை மடக்கி, வயிற்றில் இருந்த மாதிரி உருண்டையாகப் பிடித்துக்கொண்டு, நாக்கில் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலோ சர்க்கரைக் கரைசலோ வைத்தால் பிள்ளை எவ்வளவு அடங்கும் தெரியுமா? ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக்கு மயக்க மருந்தே வேண்டியிருக்காது.

தேவகோட்டை ஆயா (காலை 11:58)

சரி ஆத்தா. கல்லை எடுத்து மேலே வைத்துவிட்டேன்.

கானாடுகாத்தான் அப்பா (மாலை 4:30)

மருந்தகம் நண்பருக்கு ஒரு கேள்வி. எங்கள் மகளுக்கு நடந்ததை எங்காவது பதிவு செய்ய முடியுமா? யார் மேலும் வழக்குப் போட இல்லை. இன்னொரு பிள்ளைக்கு உதவும் என்பதற்காக.

மருந்தகம் காரைக்குடி (மாலை 5:10)

முடியும் அண்ணே. இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டம் என்று 2010 முதல் இருக்கிறது. காசியாபாதில் இருக்கிற இந்திய மருந்தக நூல் ஆணையம் நடத்துகிறது. பொதுமக்களே நிரப்புகிற படிவம் தமிழிலும் உண்டு. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். பல அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதற்கான மையம் இருக்கிறது. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும். நோயாளி பெயரை வெளியே விட மாட்டார்கள், இதை வைத்து டாக்டர் மேல் நடவடிக்கையும் வராது.

அவர்கள் பார்ப்பது இதைத்தான்: மருந்துக்குப் பிறகு எவ்வளவு நேரத்தில் வந்தது, நிறுத்தியதும் நின்றதா, மறுபடி கொடுத்ததும் மறுபடி வந்ததா, வேறு காரணம் உண்டா. உங்கள் மகள் விஷயத்தில் நாலுக்கும் பதில் சார்ட்டிலேயே இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர், அளவு, நேரம் இல்லாவிட்டால் கேஸ் ஷீட் நகல் கேட்டு வாங்குங்கள், கொடுக்க வேண்டும் என்பது விதி. பாட்டிலின் பேட்ச் நம்பர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பள்ளத்தூர் தம்பி (எட்டு நாள் கழித்து, இரவு 8:15)

எல்லாருக்கும் கும்பிடு. எழுத நேரமே இல்லை. அன்றைக்குக் காலையில் மாமனாரைச் சமாதானப்படுத்திவிட்டு, 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். டாக்டர் எழுதிய கேள்விகளை அப்படியே கேட்டேன். பெரிய டாக்டர் முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் உட்காரச் சொல்லி 15 நிமிடம் பேசினார். உள்ளே விடுகிற நேரமெல்லாம் நோட்டில் எழுதினேன்: மணி, மருந்து வேகம், ஆக்சிஜன் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, அவன் எப்படி இருக்கிறான்.

நாலாம் நாள் குறைக்க ஆரம்பித்தார்கள். ஆறாம் நாள் டியூபை எடுத்தார்கள். மாலை 5:20-க்குத்தான் அவன் அழுகிற சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டேன். ராத்திரி ஏதோ சரியில்லை. ஓயாமல் கொட்டாவி, தும்மல், உள்ளங்கால்வரை வியர்வை, கீச்சென்று அழுகை, தண்ணியாக மலம். நோட்டைக் காட்டினேன். மருந்து குறைத்த ஏழு மணி நேரத்தில் ஆரம்பித்திருக்கிறது. தொற்றா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள், அதோடு மருந்தைச் சட்டென்று குறைக்காமல், இன்னும் மெதுவாகக் குறைத்து நிறுத்தினார்கள். தொற்று இல்லை. அஞ்சு நாள் ஃபெண்டனில் ஏறியதால் உடம்பு பழகிவிட்டது, சட்டென்று விட்டால் இப்படித் தவிக்கும் என்றார் சிஸ்டர். இன்றைக்கு நாலு தடவை தாய்ப்பால் குடித்தான். ஸ்பூனில்தான், இருந்தாலும் முழு அளவு.

கானாடுகாத்தான் அப்பா (இரவு 8:40)

தம்பி, என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், அழுதுவிட்டாள். நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாங்கள் போன வாரம் படிவத்தை நிரப்பி அனுப்பினோம். எங்களிடம் அப்படி ஒரு நோட்டு இல்லாததால் கேஸ் ஷீட் நகலுக்கு இரண்டு தடவை மதுரைக்கு அலைந்தேன்.

நுரையீரல் அழுத்தப் பிரச்சினை வந்த பிள்ளைகளுக்குக் காது பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும் என்று எங்களிடம் சொன்னார்கள். உங்களுக்கும் தேதி கொடுப்பார்கள். மீனா எழுதியதையும் டாக்டர் அதற்குச் சொன்ன பதிலையும் வீட்டில் இப்போதே படித்து வைத்துவிடுங்கள். பிள்ளையைப் பசியோடு, தூங்கவிடாமல் கொண்டுபோங்கள். பள்ளத்தூரிலிருந்து அவ்வளவு தூரம் முழித்திருக்க வைப்பது லேசில்லை, அதனால் பேச்சுக் கொடுக்கக் கூடவே ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் நானே வருகிறேன்.